முதியோர் ஓய்வூதியமும் நம் பெண்களின் உழைப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றிருக்கின்றன. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு கரும்பலகையோடு தொடங்கிய மாலை வகுப்பு, இன்று பட்டதாரிகளையும் செவிலியர்களையும் ஆசிரியர்களையும் தந்த நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அவ்வளர்ச்சியை எனக்கு முன் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. முதியோர்க்கு அரசு வழங்கும் ஓய்வூதியம் நம் சிற்றூர்ப் பெண்களின் உழைப்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதே அது.

"கல்விக் கழக விழாவில் ஓய்வூதியத்திற்கு என்ன வேலை, ஐயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் விடை இது: நான் தொடர்ந்து படித்தது என் ஆயாவுக்கு வந்த ஓய்வூதியத்தால், என் அக்காள் பள்ளியை விட்டது அந்த ஓய்வூதியம் உரிய காலத்தில் வராததால். அக்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆயாவும் அக்காளும்

என் தந்தையார் 1975இல் காலமானார். அப்போது எனக்கு எட்டு வயது, அக்காளுக்குப் பதினொன்று, தம்பி தவழும் குழந்தை. எங்களுக்குச் சொந்த நிலம் ஒரு சென்ட்டும் இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். தந்தையைப் பெற்ற ஆயாவும் உடன் போனார். ஆயாவுக்கு அப்போதே அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். முழங்கால் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நிற்கும் வேலை. வரிசையில் பின்தங்கினால் ஏச்சு விழும். கூலி நெல்லிலும் அரைப்படி குறையும். ஆயினும் இருவர் கூலியும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். அப்படியானால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்காளே பார்த்தாள். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு பள்ளி வேலியோரம் நின்று, உள்ளே நாங்கள் வாய்ப்பாடு சொல்வதை அவள் கேட்டுக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஆயாவுக்கு ஓய்வூதிய ஆணை வந்தது. வளர்ந்த மகன் உள்ளவர் ஆதரவற்றவர் ஆகார் என்று கொண்ட காலம் அது. பெற்ற மகனைப் பறிகொடுத்த பிறகே என் ஆயா அத்தொகைக்குத் தகுதி பெற்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் தபால்காரர் மணியார்டர் கொண்டு வருவார். ஆயா கைநாட்டு வைத்து வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். தொகை மிகச் சிறிது. ஆயினும் அது வந்தபின் எங்கள் வீட்டு நடைமுறையே மாறியது. ஆயா சேற்றில் இறங்குவதை நிறுத்தினார். தம்பியைத் தாமே வைத்துக்கொண்டார். அம்மா நடவுக் கூட்டத்தோடு தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்று, பத்து நாள், பதினைந்து நாள் தங்கி வேலை செய்தார். அங்கே கூலி கூடுதல். உள்ளூர்ப் பண்ணையில் தந்தையார் வாங்கியிருந்த முன்பணத்தை அக்கூலியைக் கொண்டே அடைத்தார். ஒரே தொகை ஒரு பெண்ணை வேலையிலிருந்து விடுவித்தது. மற்றொரு பெண்ணை நல்ல கூலிக்கு அனுப்பியது.

அக்காள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தம்பியைப் பார்க்க ஆள் கிடைத்த பின்னும் அவளை நாங்கள் பள்ளிக்குத் திருப்பி அனுப்பவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் சிறுபிள்ளைகளோடு உட்காருவதா என்றார்கள். அவளும் அரைக்கூலி ஆளாக நடவுக்குப் போனாள். நான் படித்தேன். இதில் பாதி, உதவி வந்துசேர்ந்த தாமதம். பாதி, எங்கள் வீட்டின் குற்றம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேட்குமாறு வேண்டுகிறேன்.

ஓய்வூதியம் வந்த வழி

அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற குழு வரைந்த நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் மக்களுக்குப் பொது உதவி கிடைக்க, அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வகைசெய்ய வேண்டும் என்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1928இல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்க்கான பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்து அண்ணல் பேசினார். உழைக்கும் பெண்ணின் உடல் ஓயவேண்டிய காலத்தில் அவள் கூலியை இழந்து வாடக்கூடாது என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று.

தமிழ்நாட்டில், அன்றைய சென்னை மாநிலத்தில், பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1962 ஏப்ரல் முதல் நாள் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1975இல் ஆதரவற்ற விதவையர்க்கும், 1981இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்க்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்ட மகளிர்க்கும் திட்டங்கள் வந்தன. மைய அரசு 1995 ஆகஸ்டு 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 வயது நிரம்பிய ஆதரவற்றோர்க்கு மாதம் 75 ரூபாய் அளித்தது. 2006இல் அது 200 ரூபாய் ஆயிற்று. 2011இல் வயது வரம்பு 60 ஆகக் குறைந்தது. ஆனால் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளோர்க்கு மைய அரசின் பங்கு 2024இலும் அதே 200 ரூபாய்தான். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து 2011இல் மொத்தத்தை 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. நம் மக்கள் வாயில் 'ஓ.ஏ.பி. பணம்' என்று வழங்குவது இதுவே.

சோம்பல் என்னும் பழி

இப்பணத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. "சும்மா இருப்பவர்க்கெல்லாம் காசு கொடுத்தால் வயலுக்கு ஆள் எப்படி வரும்?" என்பார்கள். இப்படிக் கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் குறைந்த கூலிக்கு ஆள் தேடுபவர்கள். எழுபது வயது மூதாட்டி நடவு வரிசையிலிருந்து விலகினால் அவர்களுக்கு இழப்புத்தான். ஆனால் அந்த மூதாட்டி அதுவரை வயலில் நின்றது விருப்பத்தாலா? பசி நிறுத்திற்று, அவர் நின்றார். முதுமையில் உழைப்போர் தொகை குறைந்தால் அதற்காக எந்த நாடும் வருந்தவேண்டியதில்லை.

இன்னொன்று. வேலை என்பது எது? சாணம் அள்ளுவது, தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, பிள்ளையை வளர்ப்பது, நோயாளியைப் பார்ப்பது ஆகியவற்றிற்குக் கூலியும் இல்லை. கணக்கெடுப்பில் பெரும்பாலும் இடமும் இல்லை. நாடு தழுவிய தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட சிற்றூர்ப் பெண்களில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் 2017–18இல் 100க்கு 24.6 பேர்; 2023–24இல் 47.6 பேர். கூடியதில் பெரும்பகுதி சொந்தத் தொழில் என்றும், குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவி என்றும் பதிவானதே. ஆகவே எத்தனைப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது. என்ன வேலைக்கு, யார் கையில் கூலி வரும்படி, எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கா காட்டும் பாடம்

ஓய்வூதியத்தால் வீட்டிலுள்ள இளையோர் உழைப்பு குறைகிறதா, கூடுகிறதா என்பதை மிக நுணுக்கமாக ஆராய்ந்த நாடு தென்னாப்பிரிக்கா. அந்நாடு நமக்கு அயலானதன்று. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். பிறப்பைக் கொண்டு இங்கு நம்மைத் தள்ளி வைத்தது போல, நிறத்தைக் கொண்டு அங்கு மக்களைத் தள்ளி வைத்தார்கள். 1928இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது ஆப்பிரிக்க மக்களுக்கும் இந்திய வழியினர்க்கும் அதில் இடமில்லை. 1944இல் இடம் கிடைத்தது. ஆயினும் வெள்ளையர்க்குப் பெருந்தொகை, மற்றவர்க்குச் சிறுதொகை என்ற வேற்றுமை நீடித்தது. நிறவெறி ஆட்சி முடிவுறும் தறுவாயில், 1993இல், எல்லா இனத்தார்க்கும் ஒரே தொகை என்றாயிற்று. அப்போது உயர்ந்த அளவு மாதம் 370 ராண்டு. ஆப்பிரிக்கக் குடும்பங்களில் தலைக்கு வந்த வருமானத்தின் இடைநிலை அளவைப் போல் அது இரு மடங்குக்கும் மேல். பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் கிடைத்தது. ஆண்களுக்கும் 60 என்பது 2010இல் முழுமையாயிற்று.

இத்தொகையைப் பற்றி அறிஞர்கள் கண்டது என்ன? செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட மூவர் 1993ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வூதியம் வரும் வீட்டில் உழைக்கும் வயதினரின் வேலைநேரம் குறைகிறது என்று கூறினர். அக்குறைவு பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி என்பதையும் அவர்களே கண்டனர். மூதாட்டியின் பணத்தில் சாய்ந்துகொண்டவர் பெரிதும் ஆண்மக்களே என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஊர்தோறும் இதனை நாமும் அறிவோம்.

ஆனால் அக்கணக்கில் ஒரு குறை இருந்தது. அன்று வீட்டில் தங்கியிருந்தவர்களை மட்டுமே அது எண்ணியது. வேலைக்காக நகரம் சென்றவர்களை எண்ணவில்லை. டோரிட் போசல் முதலானோர் 2006இல் சென்றவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். படமே மாறிவிட்டது. ஓய்வூதியம் பெறும் மூதாட்டி இருக்கும் வீட்டிலிருந்து இளம்பெண்கள் வெளியூர் வேலைக்குச் செல்வது கூடியிருந்தது. பின்னர் 2009இல் கேலி ஆர்டிங்டன், ஆன் கேஸ், விக்டோரியா ஹோஸ்கூட் ஆகிய மூவர், குவாசூலு-நேட்டாலின் வடபகுதிச் சிற்றூர்களில் ஒரே குடும்பங்களை ஓய்வூதியம் வருமுன்னும் வந்தபின்னும் ஒப்பிட்டு, அது வந்தபின் உழைக்கும் வயதினர் வேலையில் இருப்பது கூடுகிறது என்று நிறுவினர். காரணங்கள் இரண்டு. வேலை தேடிச் செல்பவர்க்குத் தொடக்க நாட்களைக் கடக்கக் கைப்பணம் கிடைக்கிறது. விட்டுச்செல்லும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, தம் செலவுக்குத் தாமே பணம் வைத்திருக்கும் பாட்டி வீட்டில் இருக்கிறார்.

இதைப் படித்தபோது என் ஆயாவும் அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். கடலுக்கு அப்பால் அறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்னதை அவ்விருவரும் எங்கள் குடிசையில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மேலும் ஒரு செய்தி. 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டுஃப்லோ அம்மையார் அதே நாட்டில் கண்டது இது: ஓய்வூதியம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டது, தாத்தாவின் கைக்கு வந்தபோது அத்தகைய பயன் தெரியவில்லை. பணம் எவ்வளவு என்பதோடு எவர் கையில் என்பதும் எண்ணத்தக்கது.

நம் ஊர் நிலை

அங்கு நடந்தது இங்கு அப்படியே நடந்துவிடும் என்று நான் கூறவில்லை. முதல் தடை தொகையின் அளவு. 2023–24இல் நூறுநாள் வேலைத் திட்டத்திற்குத் தமிழ்நாட்டில் குறிக்கப்பட்ட நாட்கூலி 294 ரூபாய். அப்போது ஒரு மாத ஓய்வூதியமான 1,200 ரூபாய் நான்கு நாள் கூலிக்குச் சமமாக இருந்தது. நான்கு நாள் கூலியைக் கொண்டு முப்பது நாள் ஓய்ந்திருக்க எந்த மூதாட்டியால் இயலும்? ஆகையால் நம் கிழவிகள் ஓய்வூதியமும் வாங்குகிறார்கள், களையும் பறிக்கிறார்கள். மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் மகனிடம் கையேந்தாதிருக்கும் மானம் அப்பணத்தால் கிடைக்கிறது. அது சிறிதன்று. ஆனால் ஓய்வு கிடைப்பதில்லை.

இரண்டாவது தடை, சான்று. வீட்டில் பிறந்து, பள்ளிவாசல் மிதியாமல் வளர்ந்த நம் தாய்மார்களுக்குப் பிறந்த நாள் தெரியாது. கணக்கெடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதிய வயதே அட்டையில் நிற்கிறது. வெயிலில் உழைத்த முகத்தைப் பார்த்தும் சிலருக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு குறைத்து எழுதியிருக்கிறார்கள். படிப்பு மறுக்கப்பட்டவர்க்கு அதனாலேயே முதுமையின் உரிமையும் தள்ளிப் போகிறது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவது எழுத்தறிவுக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அது பேசும்.

மூன்றாவது தடை, குழந்தையைப் பார்ப்பது பெண்ணின் வேலை என்ற எண்ணம். அங்கன்வாடி திறக்கும் நேரமும் நடவு தொடங்கும் நேரமும் பொருந்துவதில்லை. கைக்குழந்தைக்கு அங்கு இடமும் இல்லை. 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பெண்களை நகரத்து வேலைக்கு அழைத்துச் செல்ல உதவியது. வீட்டில் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதற்கு அது விடையாகாது. என் பள்ளி வருகைப் பதிவேடு ஆராய்ச்சி நூல் அன்று. ஆயினும் நடவுக் காலத்தில் எந்தெந்த மாணவியின் பெயர்க்கு நேரே சுழி விழுகிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வீட்டில் கைக்குழந்தை இருந்து, பார்க்க ஆயா இல்லாத வீட்டுப் பெண்ணே முதலில் நிற்கிறாள். அவளுடைய அண்ணனோ தம்பியோ நிற்பதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆயாவுக்குப் பணம் வருகிறதே என்று வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் அவர் தலையில் கட்டிவிடுவது ஓய்வாகாது. கூலி வேலையிலிருந்து மீண்டவரைக் கூலியில்லா வேலையில் பூட்டுவதற்காக அரசு அப்பணத்தைத் தரவில்லை. பேரனைக் கொஞ்சுவது வேறு. நாளெல்லாம் இடுப்பொடியச் சுமப்பது வேறு. மருமகள் வேலைக்குப் போனால் மகனும் குழந்தையை ஏந்தட்டும்.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! கழகம் உங்களைப் படிக்க வைத்தது. அப்படிப்பைக் கொண்டு நீங்கள் செய்யத்தக்க சில பணிகளைச் சொல்கிறேன்.

நம் தெருவில் அறுபது நிறைந்தவர்கள், விதவையர், கைவிடப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓய்வூதியம் பெறாதவர் ஏன் பெறவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுங்கள். வயதுச் சான்று இல்லையெனில் தேடிக் கொடுங்கள். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள்.

பணம் வங்கிக் கணக்கில் வருகிறது. அட்டையும் ரகசிய எண்ணும் பேரனிடம் இருந்தால் அது பாட்டியின் பணம் ஆகாது. அவர் கையாலேயே எடுக்கும்படி உடன் சென்று உதவுங்கள். உங்களுள் எவரேனும் ஆயாவின் ஓய்வூதியத்தில் செல்பேசிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தால், இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்குள் அதனை நிறுத்த உறுதி கொள்ளுங்கள்.

இறுதியாக, வீட்டில் ஒரு தொகை வந்து ஒரு சுமை இறங்கும்போது, அந்த ஓய்வு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது ஆயாவுக்குச் சேர்ந்தது, அம்மாவுக்குச் சேர்ந்தது, எனக்குச் சேர்ந்தது. அக்காளுக்குச் சேரவில்லை. உங்கள் வீட்டில் அவ்வாறு ஆகக்கூடாது.

அக்காளுக்கு 2024இல் அறுபது நிறைந்தது. கணவர் நோயில் படுத்திருக்கிறார், மகன் இல்லை, ஒரே மகள் காலணித் தொழிற்சாலைக்குச் சென்று வருகிறாள். ஓய்வூதியத்திற்கு மனுச் செய்யலாம் என்றால், அட்டையில் வயது ஐம்பத்து மூன்று என்று ஏறியிருந்தது. நான் எங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்குச் சென்று, அங்குள்ள தலைமையாசிரியரின் உதவியோடு சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். செல்லரித்த தாளில் அவள் பெயர் இருந்தது. பிறந்த தேதியும் இருந்தது. 'நீங்கிய காரணம்' என்ற கட்டத்தில் 'நீண்டநாள் வராமை' என்று எழுதியிருந்தார்கள். அவள் வந்தாள், வேலிக்கு வெளியே நின்றாள். அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அந்த ஏட்டைக் கொண்டே வயதைத் திருத்தினோம், ஆணையும் வந்தது. இப்போது அக்காள் களை பறிக்கப் போவதில்லை. மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். மூத்த பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்; நடவுக் காலத்திலும் அவள் பெயர்க்கு நேரே சுழி விழுவதில்லை.

ஆணை வந்த அன்று அக்காள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தம்பி, அந்த ஏட்டுல என் பேரை அடிச்சிருந்தாங்களா?"

"இல்லை அக்கா, பேர் அப்படியேதான் இருக்கு" என்றேன்.

நம் பெண்மக்கள் ஒருவர் பெயரும் இனி எந்த ஏட்டிலும் 'நீண்டநாள் வராமை' என்று முடியாதபடி காப்பதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.